தாத்தாவின் மரத்தை மூன்றாகப் பிரிக்கலாமா?

மாடிவீட்டுத் தோட்டம் – மாதத் தொடர்



வெண்டை ஏன் காய்க்கவில்லை, கறிவேப்பிலை ஏன் மஞ்சளாகிறது என்று வந்த கேள்விகளையெல்லாம் அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன். இந்த மாதம் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். நம் வாலிபர் ஐக்கியத்துத் தங்கை ஒருவர் எழுதியது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வீட்டாரின் சம்மதத்தோடு கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

“அக்கா, எங்கள் தாத்தா இருபது வருடத்துக்கும் மேலாக வளர்த்த ஃபைக்கஸ் போன்சாய் மரம் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒரே தொட்டியில் ஐந்து தண்டுகள். போன வருடம் தாத்தா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இப்போது பெரியம்மா, அம்மா, மாமா மூன்று பேருக்குமே அந்த மரம் வேண்டும். மாமா ஜூன் மாதம் பெர்த் திரும்புகிறார். அதற்குள் பிரித்து அவரவர் பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். பாட்டியோ, தாத்தா வளர்த்த மரத்தில் ரம்பம் படக் கூடாது என்கிறார். ஐந்து தண்டு இருக்கிறதே, பிரிக்கலாம்தானே? பிரித்தால் செத்துப்போகுமா?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனக்கென்று வேர் வைத்திருக்கும் தண்டைப் பிரிக்கலாம். அது பெரும்பாலும் பிழைக்கும். தனக்கென்று வேர் இல்லாத தண்டுக்கு முதலில் வேர் வரவழைக்க வேண்டும். அதுவரை பிரிக்கக் கூடாது. மேலே எத்தனை தண்டு தெரிகிறது என்பது கணக்கே இல்லை. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

இது என்ன மரம்?

சிங்கப்பூரில் போன்சாயாக வளர்க்கும் ஃபைக்கஸ்களில் அதிகம் பார்ப்பது ஃபைக்கஸ் மைக்ரோகார்பா. தமிழில் இச்சி, கல் இச்சி என்பார்கள். இந்தத் தீவுக்கே உரிய மரம். பழைய கட்டடங்களின் சுவர் இடுக்கிலும் நடைபாதை ஓரத்துக் கல்லிலும் தானாக முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆல், அரசு, அத்தி எல்லாம் இதே இனம். சகேயு ஏறினதாக நாம் சிறுவயதிலிருந்தே கேட்டுவரும் காட்டத்தி மரமும் இதற்கு உறவுதான். உலகத்தில் 800க்கும் மேற்பட்ட அத்தி வகைகள் இருக்கின்றன.

இந்த இனத்துக்கு மூன்று குணங்கள் உண்டு. வெட்டினால் வெள்ளைப் பால் வடியும். ஈரக்காற்று இருந்தால் தண்டிலிருந்தும் கிளையிலிருந்தும் வேர் இறங்கும். இரண்டு தண்டுகள் நெருக்கமாக உரசிக்கொண்டே வளர்ந்தால் பட்டையும் மரமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். முதல் குணத்தால் நமக்கு ஆபத்து வரலாம். இரண்டாவது குணம்தான் மரத்தைப் பிழைக்க வைக்கிறது. மூன்றாவது, பிரிக்க வருகிறவரைக் குழப்புகிறது.

ஐந்து தண்டா, ஐந்து மரமா?

ஒரே தொட்டியில் பல தண்டுகள் நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, பல கன்றுகளைச் சேர்த்து நட்டது. தோப்பு போலக் காட்டுவதற்காக இப்படி நடுவார்கள். ஜப்பானியர் இதை ‘யோசே உயே’ என்பார்கள். இதில் ஒவ்வொரு தண்டும் தனி மரம். வேர்கள் பின்னிக்கிடந்தாலும் பொறுமையாக அவிழ்த்துவிடலாம்.

இரண்டு, ஒரே தூரிலிருந்து பல தண்டு கிளம்பியது. இதற்கு ‘கபுடாச்சி’ என்று பெயர். இங்கே இருப்பது ஒரே மரம். பிரிக்க வேண்டுமானால் தூரையே அறுக்க வேண்டும்.

மூன்று, தனித்தனியாக நட்டு, காலப்போக்கில் அடியில் ஒட்டிப்போனது. பார்வைக்கு ஒரே தூர் மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே தனி வேர் இருக்க வாய்ப்புண்டு.

நான்காவதாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடைகளில் ‘ஜின்செங் ஃபைக்கஸ்’ என்ற பெயரில், பருத்த கால்களோடு நிற்கும் சிறிய மரங்களை விற்கிறார்கள். அந்தக் கால்கள் தண்டு அல்ல, வேர். மண்ணுக்குள் பருக்கவிட்டு, பிறகு வெளியே தெரியும்படி உயர்த்தி நட்டிருப்பார்கள். மேலே சிறிய இலை வகையை ஒட்டுப்போட்டிருப்பார்கள். “மூன்று கால் இருக்கிறது, மூன்று மரம் ஆக்கலாம்” என்று அதை அறுத்தால், கிளையில்லாத கால்கள்தான் கையில் மிஞ்சும். அதைப் பிரிக்கவே வேண்டாம்.

எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சாப்ஸ்டிக் குச்சி போதும். தொட்டியிலிருந்து மரத்தை எடுக்காமலே, தூரைச் சுற்றி மேல்மண்ணை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மெதுவாகக் கிளறி விலக்குங்கள். இரண்டு தண்டுகளுக்கு நடுவே குச்சியை இறக்கிப் பாருங்கள். மண்ணுக்குள் போனால் அவை தனித்தனி. மரத்தில் இடித்தால் சேர்ந்தவை. பிறகு ஒரு தண்டை லேசாக அசையுங்கள். அது மட்டும் அசைந்தால் நல்ல அறிகுறி. பக்கத்துத் தண்டும் சேர்ந்து அசைந்தால் அடியில் உறவு இருக்கிறது. தண்டுக்குத் தண்டு இலையின் அளவோ துளிர்விடும் நேரமோ வேறுபட்டால், அவை வெவ்வேறு கன்றுகள். ஆனால் இலை ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் ஒரே மரம் என்று முடிவு செய்யாதீர்கள். ஒரே தாய்மரத்துக் குச்சிகளைச் சேர்த்து நட்டிருந்தாலும் இலை அப்படியேதான் இருக்கும்.

வேர் இருந்தால் மரம்

வேர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெரிய உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. ஹவுராவில் சிப்பூர் தாவரவியல் பூங்காவில் உள்ள பெரிய ஆலமரம், 19ஆம் நூற்றாண்டில் வந்த இரண்டு புயல்களில் அடிபட்டது. காயத்தில் பூஞ்சை நோய் பிடித்து, 1925இல் அதன் அடிமரத்தையே அகற்றவேண்டி வந்தது. அடிமரம் இல்லாமலே அந்த ஆல் இன்றும் ஒரு தோப்பாக நிற்கிறது. சென்னை அடையாறு ஆலமரத்தைப் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். 1989இல் வந்த புயலில் அதன் அடிமரம் சாய்ந்தது. சுற்றி நின்ற பகுதிகள் உயிரோடு இருக்கின்றன.

அடிமரம் போன பிறகும் அவை வாழ்வதற்குக் காரணம், அடிமரம் போவதற்கு முன்பே விழுதுகள் மண்ணைத் தொட்டு, வேர் பிடித்து, தண்டாகப் பருத்திருந்ததுதான். விழுது மண்ணைத் தொடும் முன்னே அடிமரம் போயிருந்தால் எல்லாமே விறகுதான். நம் தொட்டி மரத்துக்கும் இதே விதிதான். வேர் முதலில், பிரிவு பிறகு.

உங்கள் மரத்தில் நான் பார்த்தது

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பாட்டியின் அனுமதியோடு உங்கள் வீட்டுக்கு வந்து மேல்மண்ணை மட்டும் விலக்கிப் பார்த்தேன் அல்லவா? நான் கண்டதை இங்கே எழுதிவிடுகிறேன், வீட்டில் எல்லாரும் ஒரே செய்தியைப் படிக்கட்டும்.

இடமிருந்து வலமாக எண்ணினால், ஐந்தாம் தண்டு தனி மரம். குச்சி தடையில்லாமல் இறங்கியது. சுற்றிலும் நல்ல வேர் இருக்கிறது. இதை இப்போதே பிரிக்கலாம்.

இரண்டு, மூன்று, நான்காம் தண்டுகள் மண்ணுக்கு மேல் நான்கு விரல் உயரம் வரைக்கும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இவை மூன்றும் ஒரே தூர். இவற்றைப் பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அறுத்தால் நடுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் உயரமான காயம் வரும். வேரும் மிகக் கொஞ்சமே மிஞ்சும்.

முதல் தண்டு இரண்டாவதோடு அடியில் மட்டும் ஒட்டியிருக்கிறது. அதற்கு வெளிப்பக்கம் மூன்று மெல்லிய வேர்கள் இருக்கின்றன. உள்பக்கம் ஒன்றும் இல்லை. இன்று பிரித்தால் பிழைக்குமா என்பது சந்தேகம். அதற்கு உள்பக்கம் வேர் வந்த பிறகு பிரித்தால் நன்றாகவே பிழைக்கும்.

ஆக, மரம் மூன்றாகப் பிரியும். ஆனால் சம பங்காகவும் பிரியாது, ஒரே நாளிலும் பிரியாது. எங்கள் வார்டில் அறுவை சிகிச்சையின் தேதியை நோயாளியின் உடல்நிலைதான் தீர்மானிக்கும். உறவினரின் விமானச்சீட்டு தீர்மானிப்பதில்லை. மாமாவிடம் இதை அன்பாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பிரிப்பதற்கு முன்பே எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து தண்டும் சேர்ந்து ஒரே குடை போலத் தெரியும்படி தாத்தா கிளைகளைப் பழக்கியிருக்கிறார். ஒவ்வொரு தண்டிலும் வெளிப்பக்கம் மட்டுமே கிளை உண்டு. உள்பக்கம் வெயில் படாததால் மொட்டையாக இருக்கும். பிரித்து வைத்தால் முதல் சில வருடங்களுக்கு ஒவ்வொன்றும் பாதி மரம் போலத்தான் தெரியும். புதுக்கிளை வரும், ஆனால் தாத்தா செய்த அந்தக் குடை திரும்ப வராது. சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும்போது, என்ன கிடைக்கும் என்பதோடு என்ன போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டிக்கு இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அவர் சரி என்ற பிறகே ரம்பத்தை எடுங்கள்.

பிரிப்பதற்கு முன்

முதலில் மரத்தின் உடல்நிலையைப் பாருங்கள். நுனியில் கூரான புதுத்துளிர்கள் நீண்டு வருகின்றனவா? வந்தால் மரம் வளர்ச்சியில் இருக்கிறது. துளிர் இல்லாமல் சோர்ந்திருந்தால், இரண்டு மூன்று மாதம் நல்ல வெளிச்சமும் உரமும் கொடுத்துத் தேற்றிய பிறகு பாருங்கள். இலைகள் நீளவாக்கில் மடிந்து, பிரித்தால் உள்ளே சின்னக் கறுப்புப் பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். மாவுப்பூச்சி, செதில் பூச்சி இருக்கிறதா என்று கிளைக் கவைகளையும் பாருங்கள். பூச்சியை ஒழித்த பிறகே அடுத்த வேலை. சமீபத்தில் மண் மாற்றியிருந்தால் ஒரு வருடம் விடுங்கள்.

சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லாததால் எந்த மாதமும் செய்யலாம். நல்ல வெயிலும் காற்றுமாக வறண்டிருக்கும் வாரத்தை மட்டும் தவிருங்கள். லண்டனுக்கும் மெல்பர்னுக்கும் படிக்கப் போயிருக்கிற நம் பிள்ளைகள் அங்கே ஃபைக்கஸ் வைத்திருந்தால், அந்த ஊர் வேனிற்காலத்தில், இரவிலும் கதகதப்பாக இருக்கும் வாரங்களில் செய்ய வேண்டும்.

தேவையான பொருள்கள்: சாப்ஸ்டிக், செடி வெட்டும் கத்தரி, நெருக்கமான பல்லுள்ள மடக்கு ரம்பம், கூரான கத்தி, 70 சதவீத ஆல்கஹால், தண்ணீர் தெளிப்பான், ஈரத்துணிகள், வெட்டுக்காயத்துக்குப் பூசும் பசை, தொட்டியோடு கட்டக் கம்பி, புதுத் தொட்டிகள். அழகான ஆழமில்லாத போன்சாய்த் தொட்டி இப்போது வேண்டாம். கொஞ்சம் ஆழமான, அடியில் பெரிய துளையுள்ள சாதாரணத் தொட்டி போதும். மண்ணில் தண்ணீர் தேங்கக் கூடாது. பியூமிஸ் கல், பருமணல் இரண்டையும் அதிகமாகவும், தேங்காய் நார்த்தூளைக் குறைவாகவும் கலந்துகொள்ளுங்கள்.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை

இதை நர்ஸாகச் சொல்கிறேன், கட்டாயம் படியுங்கள். ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்கிறவர்கள், பலூன் ஊதினால் உதடு வீங்குகிறவர்கள், வாழைப்பழம், கிவி, அவகாடோ சாப்பிட்டால் வாய் நமநமவென்று அரிக்கிறவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுங்கள். ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு அத்தி இனத்தின் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மற்றவர்களும் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ரப்பர் கையுறை வேண்டாம். கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கண்ணில் பால் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் 995ஐ அழையுங்கள். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால், வெட்டிய இலைகளைத் தரையில் விட்டுவைக்காதீர்கள்.

பிரிக்கும் நாள்

1. மரத்தை நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு தண்டிலும் ஒரு நிற நூல் கட்டி, எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் மருத்துவமனையில் கையில் கட்டும் பட்டை மாதிரிதான். மண்ணெல்லாம் உதிர்ந்த பிறகு எது எது என்று குழப்பம் வரக் கூடாது.

2. ரம்பத்தையும் கத்தரியையும் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள்.

3. மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, வெளிவேரிலிருந்து உள்நோக்கி, குச்சியால் சிக்கலை அவிழ்த்துக்கொண்டே போங்கள். தலைவாரும்போது நுனியிலிருந்து சிக்கெடுப்பது போலத்தான். இழுக்காதீர்கள். அவிழாத இடத்தில் தண்ணீர் பீய்ச்சுங்கள். வேர் ஒரு நிமிடமும் காயக் கூடாது. முடித்த பகுதியை ஈரத்துணியால் சுற்றிவிடுங்கள்.

4. தூர் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு மறுபடியும் யோசியுங்கள். மேலிருந்து தனி என்று நினைத்தது அடியில் சேர்ந்திருக்கலாம். அப்படியானால் அன்றைக்கு மூடி வைத்துவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

5. சிறிய ஒட்டு இருந்தால் கீழிருந்து மேலாக, இரண்டு பக்கமும் வேர் மிஞ்சும்படி அறுங்கள். பால் சில நிமிடத்தில் தானாக நிற்கும். தண்ணீர் தெளித்தால் சீக்கிரம் நிற்கும். அறுத்த ஓரத்தைக் கத்தியால் வழவழப்பாகச் சீவுங்கள். பிய்ந்த காயத்தைவிடச் சீரான காயம் சீக்கிரம் ஆறும் என்பது மனிதருக்கும் மரத்துக்கும் ஒன்றுதான். மண்ணுக்கு மேல் தெரியும் காயத்துக்குப் பசை பூசுங்கள்.

6. வேர் குடிப்பதைத்தான் இலை வெளியே விடுகிறது. வேரில் பாதி போயிருந்தால் இலையிலும் ஏறத்தாழப் பாதியைக் குறையுங்கள். வரவும் செலவும் சமமாக வேண்டும். வார்டில் நாங்கள் எழுதும் நீர்க்கணக்கு மாதிரி. ஆனால் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் கொஞ்சம் இலை இருக்கட்டும். உங்கள் மரம் தொங்கும் கிளையுள்ள பெஞ்சமினா வகையாக இருந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும். இலையே இல்லாமல் வெட்டிய கிளை அந்த வகையில் காய்ந்துபோவதுண்டு.

7. தொட்டியில் வைத்ததும், அடித்துளை வழியாகக் கம்பி விட்டுத் தூரை அசையாமல் கட்டுங்கள். எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுப்போடுவதும் இதற்காகத்தான். மரம் ஆடினால் புதுவேரின் நுனி ஒவ்வொரு முறையும் அறுந்துபோகும்.

8. குச்சியால் மண்ணை வேர்களுக்கு இடையே இறக்கி, துளையில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றுங்கள்.

வேர் இல்லாத தண்டுக்கு வேர் தருவது எப்படி?

இது முதல் தண்டுக்கான பகுதி. ஐந்தாம் தண்டைப் பிரிக்கும் அதே நாளில், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே உள்ள ஒட்டைப் பாதி மட்டும் அறுங்கள். அறுத்த இடத்தில் வேர்விட உதவும் ஹார்மோன் தூளைத் தொட்டு வைத்து, நனைத்துப் பிழிந்த ஸ்ஃபேக்னம் பாசியைத் திணித்து, மேலே மண் அணைத்துவிடுங்கள். பாதி ஒட்டு இருப்பதால் பழைய வேர் அதற்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கும். காயத்தின் ஓரத்தில் புதுவேர் கிளம்பும். மூன்று மாதம் கழித்துப் பாசியை விலக்கிப் பாருங்கள். வேர் கிளைவிட்டிருந்தால் மீதிப் பாதியையும் அறுக்கலாம். வெள்ளையாக ஒன்றிரண்டு மட்டும் தெரிந்தால் மூடிவிட்டு இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள்.

நன்றாகச் சேர்ந்துபோன தண்டாக இருந்தால் விண்பதியம் போடலாம். தண்டின் பருமனைப் போல ஒன்றரை மடங்கு அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழுவழுப்பான படலத்தைச் சுரண்டி, ஈரப்பாசி வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி மேலும் கீழும் கட்ட வேண்டும். நம் தட்பவெப்பத்தில் நான்கிலிருந்து எட்டு வாரத்தில் வேர் தெரியும். பாசி நிறைய வேர் பின்னிய பிறகு, அதற்குக் கீழே அறுத்துத் தொட்டியில் வைக்கலாம்.

மூன்றாவது வழி, விழுது. மேலே இருக்கும் சிறிய விழுதை, பாசி அடைத்த உறிஞ்சுகுழாய் ஒன்றின் வழியாக மண்ணுக்கு இறக்குவது. இதற்கு மாதக்கணக்காகும். ஆனால் மண்ணைத் தொட்டதும் விழுது பருக்கத் தொடங்கிவிடும்.

முதல் ஆறு வாரம்

முதல் மூன்று வாரம் நேர்வெயில் வேண்டாம்; வெளிச்சமான நிழல் போதும். காற்று அடிக்கும் தாழ்வாரமாக இருந்தால், மேலே பெரிய பிளாஸ்டிக் பையைக் கூடாரம் போலக் கவிழ்த்து, இரண்டு துளை போடுங்கள். பொது நடைபாதையில் வைக்கிறவர்கள் 1.2 மீட்டர் வழி விட மறக்காதீர்கள். தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். மரத்தைக் காப்பாற்றப்போய் பக்கத்து வீட்டாருக்கு டெங்கி வரக் கூடாது.

மண்ணின் மேற்பகுதி காயத் தொடங்கும்போது மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். பாவம் என்று தினமும் மூன்று வேளை ஊற்றினால் வேர் அழுகும். புது இலை விரியும்வரை உரம் வேண்டாம். ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம்.

ஒரு தாளில் தேதி, விழுந்த இலை, வந்த துளிர், தண்ணீர் ஊற்றினீர்களா என்று எழுதி வாருங்கள். இரண்டாம் வாரத்தில் இலை மஞ்சளாகி உதிரும்போது பயம் வரும். இலை உதிர்வது மரணம் அல்ல. நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பட்டை சுருங்கினாலோ, தூர் கறுத்து மெத்தென்று ஆனாலோ, மண்ணில் நாற்றம் வந்தாலோதான் கவலைப்பட வேண்டும். அப்போது அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டிவிட்டு, மண்ணை மாற்றிப் பாருங்கள்.

மாமாவுக்கும் பாட்டிக்கும்

மாமாவின் பங்கைப் பற்றி ஒன்று. ஆஸ்திரேலியா உயிருள்ள செடி விஷயத்தில் மிகவும் கண்டிப்பான நாடு. முன்கூட்டியே வாங்கிய இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் தொட்டியோடு மரத்தைப் பெட்டியில் வைத்துப் போனால், விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதமும் உண்டு. மண்ணை உள்ளே விடவே மாட்டார்கள். பாலம் கடந்து ஜொகூருக்குக் கொண்டுபோவதற்கும் அனுமதி வேண்டும், சும்மா காரில் வைத்துப் போகக் கூடாது. ஆகவே மாமா ஜூன் மாதம் எதையும் எடுத்துப்போக முடியாது. அவசரமாக அறுப்பதற்கு இருந்த ஒரே காரணமும் இதோடு போய்விட்டது.

முதல் தண்டு மாமாவுக்கு என்று வைத்துக்கொண்டு, அது வேர்விடும்வரை பாட்டி வீட்டிலேயே இருக்கட்டும். பிரித்த பிறகும் அங்கேயே இருக்கலாம். மாமா வரும்போதெல்லாம் அவரே கத்தரிக்கட்டும். பெர்த்தில் கைவேலைக்கு மரம் வேண்டுமென்றால், ஆஸ்திரேலியாவுக்கே உரிய போர்ட் ஜாக்சன் அத்தியை அங்கே பலர் போன்சாயாக வளர்க்கிறார்கள். தாத்தாவிடம் கற்றதை அதில் செய்து பார்க்கலாம்.

பாட்டி கடைசிவரை வேண்டாம் என்றால், பிரிக்காமலே பங்கு கொடுக்க ஒரு வழி உண்டு. வழக்கமாகக் கத்தரிக்கும்போது விழும் கிளைகளில் பென்சில் பருமனுள்ளதை 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுங்கள். மேலே இரண்டு இலையை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி, பால் நின்றதும் ஈரமான மணலும் நார்த்தூளும் கலந்த தொட்டியில் நட்டு, நிழலில் பையால் மூடி வையுங்கள். பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் வேர் பிடித்துவிடும். அது தாத்தாவின் மரத்துக்கு நகல் அல்ல. அந்த மரத்தின் உடம்பிலிருந்தே வந்த அதே மரம். பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் மட்டுமல்ல, பேரப்பிள்ளைகள் எல்லாருக்குமே ஆளுக்கொன்று கிடைக்கும். தாத்தாவின் குடையும் குலையாது.

இரண்டில் எது என்பதை நான் சொல்ல முடியாது. அதை உங்கள் வீட்டு மேசையில்தான் முடிவு செய்ய வேண்டும். எதைச் செய்தாலும் வேர் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்தவர் கையில் கொடுங்கள்.

போன்சாய் ஆர்வம் உள்ள மற்றவர்கள் ஒரு விடுமுறை நாளில் ஜூரோங் ஏரித் தோட்டத்துக்குப் போய், சீனத் தோட்டத்தில் உள்ள போன்சாய்களைப் பாருங்கள். உச்சியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், குனிந்து ஒவ்வொன்றின் தூரையும் பாருங்கள். எது ஒரே மரம், எது பல மரம் என்று சொல்லிப் பழகுங்கள்.

எனக்குக் கேள்வி அனுப்புகிறவர்களும், இலையை மட்டும் படமெடுத்து அனுப்பாமல், செடி மண்ணோடு சேரும் இடத்தையும் தொட்டியின் அடித்துளையையும் சேர்த்து அனுப்புங்கள். பாதிப் பதில் அங்கேதான் இருக்கும்.

அடுத்த மாதம் கறிவேப்பிலை மஞ்சளாவதைப் பற்றிப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா